எஃப்.சி. பார்க்கும் நிலையத்துக்கும் முத்திரை உண்டு

நம் கடைகளில் தராசு இருக்கிறது. மின்னணுத் தராசு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை பெறுகிறோம். எடைக்கல் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. முத்திரை இல்லாத தராசில் நாம் எவ்வளவு நேர்மையாக நிறுத்துக் கொடுத்தாலும் சட்டம் அதை எடையாக ஏற்பதில்லை. அளக்கிற கருவியை வேறொருவர் அளந்து பார்த்த பிறகுதான் அதன் கணக்கு செல்லும். இது நமக்குப் பழகிப்போன நியாயம்.

இதே நியாயம் நம் சரக்கு வண்டிகளைச் சோதிக்கும் நிலையங்களுக்கும் வந்திருக்கிறது. தானியங்கி வாகனச் சோதனை நிலையங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றை யார் நடத்தலாம், எப்படி நடத்த வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று மத்திய அரசு தனி விதிகளே எழுதியிருக்கிறது. "நிலையம் நடத்துகிறவர் பாடு அது, மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். எதற்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு ஏன் இந்தக் கவலை

சோழவரம், செங்குன்றம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஜி.என்.டி. சாலையை ஒட்டியே நம் வியாபாரம் நடக்கிறது. குண்டூர் மிளகாயும் நெல்லூர் அரிசியும் இந்த வழியாகத்தான் தெற்கே இறங்குகின்றன. செங்குன்றத்து அரிசி மண்டிகளிலிருந்து லோடு ஏற்றிய வண்டிகள் இரவு பகலாகப் புறப்படுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கனரக லாரிகளுக்கு நடுவே நம் குட்டி யானையும் லோடு ஆட்டோவும் ஓடியாக வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 56ஆம் பிரிவின்படி, சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று, அதாவது நாம் எஃப்.சி. என்று சொல்வது, கையில் இல்லாவிட்டால் அந்த வண்டி முறையாகப் பதிவு பெற்றதாகவே கருதப்படாது. புது வண்டிக்கு முதல் 2 ஆண்டு செல்லும். பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, 8 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காரும் இரு சக்கர வண்டியும் வைத்திருப்பவர்களுக்கு 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது இதே சோதனை வருகிறது.

எஃப்.சி. இல்லாமல் ஓட்டினால் 192ஆம் பிரிவின்படி முதல் முறை ரூ.2,000க்குக் குறையாமல் ரூ.5,000 வரை அபராதம். மறுமுறை அகப்பட்டால் ரூ.5,000க்குக் குறையாமல் ரூ.10,000 வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. இதைவிடப் பெரிய நஷ்டம் விபத்தில் இருக்கிறது. எஃப்.சி. தவறிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டி வழக்காடும். பத்து ஆண்டு சேர்த்த முதல் ஒரே நாளில் போய்விடும்.

பழைய முறை எப்படி இருந்தது

நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். வண்டியை மைதானத்துக்கு ஓட்டிப் போவோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார். சுற்றிப் பார்ப்பார், விளக்கைப் போடச் சொல்வார், சிறிது தூரம் ஓட்டி நிறுத்தச் சொல்வார். அதற்கு முந்தின வாரம் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதும், தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு வேறு வண்டியிலிருந்து இரவல் டயர் மாட்டுவதும், மறுநாளே அதைத் திருப்பிக் கொடுப்பதும் ஊர் அறிந்த வழக்கம். வண்டியின் வெளித்தோற்றம் தேறிவிடும். பிரேக் டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அந்த இன்ஸ்பெக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளில் வரிசையாக நிற்கும் வண்டிகளைக் கண்ணாலும் காதாலும் மட்டும் சோதிக்க யாரால் முடியும்? தனியார் சோதனை நிலையங்களுக்கு அதிகாரம் அளிக்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருந்தது. ஆனால் கருவிகளைக் கொண்டு சோதிக்கும் ஏற்பாடு நாடு முழுவதற்கும் ஒரே விதியாக உருவாகப் பல ஆண்டுகள் ஆயின.

23-9-2021 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தானியங்கி நிலையங்களுக்கென்று 173 முதல் 189 வரையிலான விதிகள் சேர்க்கப்பட்டன. கனரக வண்டிகளுக்கு 1-4-2023 முதலும், நடுத்தர மற்றும் இலகு ரகச் சரக்கு வண்டிகளுக்கு 1-6-2024 முதலும் தானியங்கிச் சோதனை கட்டாயம் என்று முதலில் சொன்னார்கள். போதிய நிலையங்கள் அமையாததால் அது 1-10-2024க்குத் தள்ளிப்போயிற்று. எந்தப் பதிவு அலுவலக எல்லைக்குள் அத்தகைய நிலையம் வந்துவிட்டதோ, அங்கே அதன் வழியாகத்தான் எஃப்.சி. என்பதே இதன் சாரம். ஆகவே எஃப்.சி. தேதி நெருங்கும்போது உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிலையம் நடத்துபவர் கட்டுப்பட வேண்டியவை

மாநில அரசு, கம்பெனி, சங்கம், தனி நபர் என்று யாரும் இந்த நிலையத்தை நடத்தலாம். ஆனால் சும்மா ஒரு கொட்டகை போட்டு உட்கார முடியாது.

முதலாவது, நடத்துபவரின் நிகர சொத்து மதிப்பு குறைந்தது ரூ.3 கோடியாக இருக்க வேண்டும். நம்மைப் போன்ற சிறு வியாபாரி தனியாகச் செய்யக்கூடிய தொழில் அல்ல இது. எந்த ரக வண்டிகளைச் சோதிக்கப் போகிறாரோ அதற்கேற்ற இடம், தடம், நிறுத்துமிடம், ஆட்கள் எல்லாம் விதியில் சொன்னபடி இருக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவு இரண்டு படியாக நடக்கிறது. முதலில் கட்டிக்கொள்ள ஆரம்பப் பதிவு. நிலையம் அமைந்து, கருவிகள் பொருத்தி, தணிக்கையில் தேறிய பிறகு நடத்துவதற்கான பதிவுச் சான்று. அது 10 ஆண்டு செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சோதனை நிலையம் சோதனை மட்டுமே செய்ய வேண்டும். வண்டி பழுது பார்ப்பது, வண்டி விற்பது, உதிரி பாகம் விற்பது ஆகிய எதையும் அது செய்யக் கூடாது. "பிரேக் தேறவில்லை, பக்கத்தில் எங்கள் பட்டறையில் லைனிங் மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை.

நான்காவது, கருவிகள் எல்லாம் குறித்த காலத்தில் அளவு சரிபார்க்கப்பட வேண்டும். நம் தராசுக்கு முத்திரை போடுவதும் இதுவும் ஒன்றுதான். அதற்கென அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் இடையிடையே நிலையத்தைத் தணிக்கை செய்யும்.

ஐந்தாவது, கருவி அளந்த அளவு கணினி வழியாக நேரே மத்திய வாகனப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். நடுவில் ஒருவர் காகிதத்தில் எழுதித் திருத்த வழி இருக்கக் கூடாது. சோதனைக்கு நாள் குறிப்பதும் கட்டணம் கட்டுவதும் கணினி வழியாகவே. வண்டி உரிமையாளரைப் பற்றிய விவரங்களை வெளியே விடாமல் காக்க வேண்டியதும் நிலையத்தின் கடமை.

இவற்றை மீறினால் பதிவை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

அயல்நாட்டில் எப்படி

மூன்றாவது கட்டுப்பாட்டின் அருமை அயல்நாட்டு வழக்கத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். இங்கிலாந்தில் 1960இல் வண்டிச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். முதலில் 10 ஆண்டு ஆன வண்டிக்குத்தான் சோதனை. 1967க்குள் அதை 3 ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். அங்கே சாதாரணப் பட்டறைகளே அரசு அனுமதி பெற்று சொந்தக் கார்களைச் சோதிக்கின்றன. சோதிப்பவரே பழுதும் பார்க்கலாம். வசதிதான். ஆனால் இல்லாத பழுதைச் சொல்லிக் காசு பார்த்துவிடுவாரோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. ஜெர்மனியில் 1951இல் கட்டாயச் சோதனை வந்தது. அங்கே பழுது பார்க்கும் தொழிலோடு சேராத தனிச் சோதனை அமைப்புகளே அந்த வேலையைச் செய்கின்றன. பட்டறைக்குள் வண்டி நின்றாலும் சோதிப்பவர் வெளி ஆள்.

நம் நாட்டு விதி இரண்டாவது வழியை எடுத்திருக்கிறது. மண்டியில் சரக்கு விற்பவரே எடைமேடையும் வைத்திருந்தால் வாங்குகிறவர் மனதில் ஒரு நெருடல் இருக்கும் அல்லவா? வேறொருவரின் எடைமேடையில் ஒரு முறை ஏற்றிப் பார்த்தால்தான் திருப்தி. அது போலத்தான்.

கருவி என்ன பார்க்கிறது

பிரேக் சோதனையை எடுத்துக்கொள்வோம். வண்டியின் சக்கரங்கள் இரண்டு உருளைகளின் மேல் நிற்கும். மோட்டார் உருளைகளைச் சுழற்றும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தவுடன் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலத்தோடு சுழற்சியைத் தடுக்கிறது என்பதைக் கருவி தனித்தனியே அளக்கும். வண்டியின் எடை 1,500 கிலோ, எல்லாச் சக்கரமும் சேர்ந்து தடுக்கும் பலம் 750 கிலோ என்று வைத்துக்கொண்டால் பிரேக்கின் திறன் 50 சதவீதம். கணக்கு இவ்வளவுதான்.

அதே நேரத்தில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசமும் தெரிந்துவிடும். ஒரு பக்கம் அதிகம் பிடித்து மறுபக்கம் குறைவாகப் பிடித்தால் அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். லோடு ஏற்றிய மினி லாரி எதிர்த்தடத்துக்குப் பாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெயிண்ட் அடித்து மறைக்கவும் முடியாது.

இன்னும் உண்டு. சக்கரம் நேராக ஓடுகிறதா, பக்கவாட்டில் நழுவுகிறதா என்று ஒரு தகடு அளக்கும். டை ராட், கிங்பின் போன்ற மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று அடியிலிருந்து அசைத்துப் பார்ப்பார்கள். ஹெட்லைட்டின் வெளிச்சம் போதுமா, எதிரே வருபவன் கண்ணில் விழுகிறதா என்று ஒரு கருவி சொல்லும். ஹாரன் சத்தம், புகை ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கருவிகள். டயர், கண்ணாடி, வைப்பர், ஒளிரும் பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முதலியவற்றை ஆட்கள் பார்ப்பார்கள்.

நம் சோழவரம் ஒரு காலத்தில் வேகத்துக்குப் பெயர் போன ஊர். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. பந்தய வண்டிக்கு வேகம் பெருமை. சரக்கு வண்டிக்கோ நிற்கத் தெரிவதுதான் பெருமை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். அளவுக்கு மீறி மூட்டை ஏற்றினால் அந்தத் தூரம் இன்னும் நீளும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் காரனோடையில் சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு அந்தத் தூரம்தான் உயிர்.

தேறாவிட்டால் என்ன வழி

சோதனையில் தேறாத வண்டிக்கு எந்த எந்தச் சோதனையில் தேறவில்லை என்று அறிக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளைப் பட்டறையில் கொடுத்தால் அநாவசியச் செலவு மிச்சமாகும். பழுது நீக்கிய பின் குறித்த காலத்துக்குள் கட்டணம் கட்டி மறுசோதனைக்குப் போகலாம். முடிவில் நம்பிக்கை இல்லாவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணத்துடன் முறையிடலாம். பகுதிச் சோதனைக்கோ முழுச் சோதனைக்கோ அவர் உத்தரவிட முடியும். அவர் முடிவே இறுதி.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தானியங்கி நிலையம் தகுதியற்றது என்று கடைசியாகச் சொல்லிவிட்ட வண்டி, ஆயுள் முடிந்த வண்டி என்ற கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு அது போக வேண்டிய இடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையம். ஒரே ஒரு பழைய லோடு ஆட்டோவை நம்பி வீடு வீடாகச் சரக்கு போடும் சிறு கடைக்காரருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. மறுசோதனைக் கட்டணம் நிலையத்துக்கு வருமானம் என்பதால், வேண்டுமென்றே தள்ளிவிடுவார்களோ என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் கருவி சரிபார்த்த தேதி, தணிக்கை, அறிக்கை, மேல்முறையீடு ஆகிய நான்கும் நமக்குக் கேடயம். கேடயம் இருப்பதே தெரியாதவனுக்கு அது உதவாது.

கட்டணமும் வண்டியின் வயதைப் பொறுத்து ஏறுகிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட திருத்தம் 10, 15, 20 ஆண்டு என்று படி வைத்து, 20 ஆண்டு கடந்த கனரக வண்டிக்கு ரூ.25,000 என்று நிர்ணயித்தது. கட்டும் நாளில் உங்கள் வண்டிக்கு என்ன தொகை என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் நேரில் பார்த்துவிட்டே கட்டுங்கள். புரோக்கர் சொல்லும் தொகையை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆந்திர எல்லை தாண்டி வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்தி. 2022 அக்டோபர் திருத்தப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்துத் தானியங்கி நிலையத்திலும் சோதிக்க இடம் உண்டு.

புகைச் சோதனை மையம் வைக்க நினைப்பவர்களுக்கு

ரூ.3 கோடி இல்லாவிட்டாலும் புகைச் சோதனை மையம் வைக்கலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் அதற்கும் போக்குவரத்துத் துறையின் அனுமதி, அங்கீகாரம் பெற்ற ரகக் கருவி, அளவு சரிபார்ப்பு எல்லாம் உண்டு. சான்று மத்திய பதிவேட்டோடு இணைந்துதான் வெளிவரும். 2021 ஜூன் முதல் நாடு முழுவதும் ஒரே படிவம். தேறாத வண்டிக்குக் காரணம் எழுதிய நிராகரிப்புச் சீட்டு கொடுக்க வேண்டும். டீசல் வண்டியில் பி.எஸ்.4க்கு முந்தையதற்குப் புகை அடர்த்தி 65 அலகுக்கு மேலும், பி.எஸ்.4 வண்டிக்கு 50 அலகுக்கு மேலும் போகக் கூடாது. பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சான்று ஓராண்டு செல்லும், மற்றவற்றுக்கு 6 மாதம். புகை விதியை மீறும் வண்டிக்கு அபராதம் ரூ.10,000 வரை போகும்.

வண்டி வராமலேயே சான்று கொடுத்தால் கூட நாலு காசு கிடைக்குமே என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். முத்திரையில்லாத கல்லை வைத்துக்கொண்டு கடை நடத்துவது போலத்தான் அது.

நாம் செய்ய வேண்டியது

எஃப்.சி. முடியும் தேதியைக் கடை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். மூன்று மாதம் முன்பே பிரேக் லைனிங், டிரம், டயர், மூட்டுகள், ஹெட்லைட் ஆகியவற்றைப் பட்டறையில் பார்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பெயிண்டுக்குச் செய்யும் செலவை லைனிங்குக்குச் செய்யுங்கள். சோதனைக்கு ஓட்டுநரை மட்டும் அனுப்பாமல் முடிந்தால் நீங்களும் போங்கள். அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சங்கமும் செய்யக்கூடியவை உண்டு. வட பகுதி வண்டிகள் வெகு தூரம் போகாமல் இருக்க, நிலையங்களை செங்குன்றத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையிலும் அமைக்கும்படி போக்குவரத்துத் துறையிடம் கேட்கலாம். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வியாபாரம் போகிறது. நல்ல மெக்கானிக் ஒருவரை வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை உறுப்பினர்களின் வண்டிகளுக்கு முன்சோதனை நடத்தலாம். மேல்முறையீட்டு மனு எழுதத் தெரியாத சிறு கடைக்காரருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

வாடிக்கையாளர் தராசைத் திருப்பி முத்திரையைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருவதில்லை. அது அவர் உரிமை. சோதனை நிலையத்தில் நாமும் வாடிக்கையாளர்தான். கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது என்று மரியாதையாகக் கேட்பது நம் உரிமை. கேட்கிற தைரியம் வர வேண்டுமானால், உள்ளே நிற்கும் நம் வண்டியும் யோக்கியமாக இருக்க வேண்டும்.